பின் ஆக்சிலில் என்ன சத்தம்? டிஃபரன்ஷியல், சஸ்பென்ஷன் கேள்வி பதில்

காரின் பின்பக்க வேலைகள் பற்றிக் கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. இன்ஜின் லேசாக இருமினாலே பானெட்டைத் திறந்து பார்க்கிறோம். பின் ஆக்சில் ஞாபகத்துக்கு வருவது அது சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான். அதற்குள் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடுகிறது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கி, கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: முன் சக்கரத்தில் ஓடும் கார் என்னுடையது. டிஃபரன்ஷியல் ஆயில் மூடி எங்கே என்று பின்னால் தேடினேன், காணவில்லையே?

அங்கே இருக்காது. இன்ஜின் விசையை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, வளைவில் அவை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதிதான் டிஃபரன்ஷியல். உங்கள் காரில் அது கியர் பாக்ஸோடு சேர்ந்தே முன்னால் இருக்கிறது. பெரும்பாலும் கியர் பாக்ஸ் ஆயிலே அதற்கும் ஆயில். பின்னால் நீங்கள் கவனிக்க வேண்டியவை சஸ்பென்ஷன், பிரேக், வீல் பேரிங் மூன்றும்தான். கீழே சஸ்பென்ஷன் பற்றிச் சொல்வது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: சார், பின் சக்கரத்தில் ஓடும் வண்டி. டிஃபரன்ஷியல் ஆயிலை நானே மாற்றலாமா? எங்கே தவறு நடக்கும்?

தாராளமாக மாற்றலாம். தவறு நடக்கிற இடம் முதல் நிமிடமே. டிஃபரன்ஷியலின் வெளிக்கூட்டில் (ஹவுசிங்) இரண்டு மூடிகள் இருக்கும். பக்கவாட்டில் மேலே இருப்பது ஆயில் ஊற்ற, அடியில் இருப்பது ஆயிலை இறக்க. முதலில் மேல் மூடியைத் திறந்துவிட்டுத்தான் கீழ் மூடியில் கை வைக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பழைய ஆயில் முழுக்க இறங்கிவிட்டது, மேல் மூடி துருப்பிடித்து அசையவே இல்லை. ஆயில் இல்லாத வண்டியை ஓட்டிப் போகவும் முடியாது. அந்த மூடியைக் கழற்றி எடுக்க இரண்டு நாள் ஆனது. சில வண்டிகளில் கீழ் மூடியே இருக்காது. பின் கவரைக் கழற்ற வேண்டும், அல்லது மேல் துளை வழியாக உறிஞ்சி எடுக்க வேண்டும்.

கொஞ்ச தூரம் ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போது இறக்குங்கள். அடியில் படிந்திருக்கும் தூளும் சேர்ந்து வரும். கீழ் மூடியில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதை உடனே துணியால் துடைத்துவிடாதீர்கள். ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், மை போல வழவழவென்று இருந்தால் அது பற்கள் ஒன்றோடொன்று உரசிய இயல்பான தேய்மானம். நறநறவென்று விரலில் குத்தினாலோ, செதில் செதிலாக மின்னினாலோ, பேரிங்கோ பல்லோ உதிர்கிறது என்று அர்த்தம். அப்போது புது ஆயில் ஊற்றி மூடுவதில் பயனில்லை, திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

புது ஆயிலை வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஊற்றுங்கள். மேல் துளையின் கீழ் விளிம்பு வரை வந்து மெல்ல வழிய ஆரம்பித்தால் அளவு சரி. வேறு அளவு சொல்லியிருக்கிறார்களா என்று வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், சில மாடல்களில் துளைக்குச் சற்றுக் கீழேதான் மட்டம். வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: கியர் பாக்ஸுக்கு வாங்கிய ஆயில் மிச்சம் இருக்கிறது. அதுவும் 75டபிள்யூ-90 தான். டிஃபரன்ஷியலில் ஊற்றலாமா?

எண் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது. அந்த எண் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைத்தான் சொல்கிறது. பக்கத்தில் ஜிஎல்-4 என்றோ ஜிஎல்-5 என்றோ இருக்கும், அதைப் பாருங்கள்.

கியர் பாக்ஸிலிருந்து பின்னால் வரும் நீளத் தண்டு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். அது சுற்றும் சின்னக் கியர் பினியன், பினியன் சுற்றும் பெரிய வட்டக் கியர் க்ரவுன் வீல். பின் ஆக்சிலில் பினியன், க்ரவுன் வீலின் நடு மையத்துக்கு நேராக வந்து சேராமல் சற்று இறங்கிச் சேர்கிறது. இந்த அமைப்புக்கு ஹைபாய்டு என்று பெயர். 1926-ல் பாக்கார்ட் கார்களில் இது வந்தது. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்ததால் காரின் தரையையும் தாழ்த்த முடிந்தது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல், பெரிய அழுத்தத்தில் வழுக்கவும் செய்கின்றன. சாதாரண ஆயில் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துபோகும். அதனால்தான் ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் உள்ள சேர்மங்களை அதிகம் சேர்க்கிறார்கள். டப்பாவைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை கந்தகத்தினுடையது.

அதே சேர்மங்கள் சில கியர் பாக்ஸ்களில் உள்ள பித்தளை சிங்க்ரோ வளையங்களை (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போக வைப்பவை) அரிக்கும் என்பதால்தான் அங்கே ஜிஎல்-4 கேட்கிறார்கள். ஆகவே அதை இங்கேயும் இதை அங்கேயும் மாற்றி ஊற்றாதீர்கள். மிச்ச ஆயிலைக் கியர் பாக்ஸுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இறக்கிய ஆயில் வெளுத்துப்போய் நுரையாக இருந்தது. ஏன்?

தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆக்சிலின் மேலே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பிரீத்தர் இருக்கும், சில வண்டிகளில் அதிலிருந்து ஒரு குழாய் மேலே போகும். உள்ளே காற்று சூடாகி விரியும்போது வெளியேறவும், ஆறும்போது உள்ளே வரவும் அதுதான் வழி. சூடான ஆக்சில் திடீரென்று வெள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், பிரீத்தர் வழியாகவோ ஆயில் வெளியே ஒழுகாமல் தடுக்கும் சீல் ஓரமாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயிலை மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி இறக்கிப் பாருங்கள். இன்னும் வெளுப்பு இருந்தால் இன்னொரு முறை மாற்றுங்கள்.

அப்புறம், அந்த பிரீத்தர் சேறு அடைத்துக் கிடக்கும்போது எதிர்த்திசையிலும் கேடு வரும். காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல்கள் வழியாகத் தள்ளும். சீல் ஒழுகுகிறது என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பிரீத்தரைத்தான் விரலால் அசைத்துப் பார்ப்பேன். அதைச் சுத்தம் செய்யாமல் புது சீல் போட்டால், அதுவும் ஒழுகும்.

கேள்வி: அண்ணா, 60 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வருகிறது. வொர்க்ஷாப்பில் டிஃபரன்ஷியலை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா?

தம்பி, இறக்குவதற்கு முன் அரை மணி நேரம் ஓட்டிக் கேட்டுப் பார். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது. சத்தம் எந்த நேரத்தில் மாறுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் சத்தம் நின்றாலோ தொனி மாறினாலோ, க்ரவுன் வீல், பினியன் பற்கள் பக்கம் சந்தேகப்படலாம். ஆக்சிலரேட்டர் எப்படி இருந்தாலும் உறுமல் ஒரே மாதிரி இருந்து, ஸ்டியரிங்கை லேசாக இடதும் வலதும் திருப்பும்போது கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங். வலது பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்துக்குப் போகும், அப்போது கூடினால் இடது பேரிங்கைப் பார். ரோட்டின் தளம் மாறியதும் சத்தமும் மாறினால் டயர்தான். நேராகப் போகும்போது ஒன்றும் இல்லாமல், வளைவில் மட்டும் கரகரத்தால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பைடர் கியர்களைச் சந்தேகப்படலாம். இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றும்போது அவை தம் அச்சில் சுழல்வதே இல்லை, திரும்பும்போதுதான் வேலை செய்கின்றன.

டயர்கள் ஒழுங்கில்லாமல் தேய்ந்து ஊளையிடுவதை டிஃபரன்ஷியல் என்று நினைத்துப் பிரித்த வண்டிகள் பல. முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றி ஓட்டிப் பார். சத்தம் முன்னால் நகர்ந்துவிட்டால் செலவு மிச்சம். பற்கள்தான் காரணம் என்று முடிவானால் க்ரவுன் வீலையும் பினியனையும் ஜோடியாக மாற்ற வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று உரசவிட்டுப் பொருத்தப்பட்டவை, ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் சத்தம் ஓயாது.

கேள்வி: பினியன் ஆயில் சீல் ஒழுகுகிறது. சீலை மாற்றி, நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்கிவிட்டால் முடிந்தது என்கிறார் மெக்கானிக். சரியா?

சரியில்லை. உடனே தடுத்துவிடுங்கள். அந்த நட்டு, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து பூட்டும் ஃப்ளேஞ்சைப் பிடிப்பதோடு, பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கும் எவ்வளவு அழுத்தம் என்பதையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலான கார்களில் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் நசுங்கக்கூடிய ஒரு குழல் இருக்கிறது. நட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் அது கூடுதலாக நசுங்கிவிடும், நட்டைத் தளர்த்தினாலும் பழைய நீளத்துக்குத் திரும்பாது. பேரிங் சூடேறி ஊளையிட ஆரம்பிக்கும். அப்புறம் பினியனையே வெளியே எடுத்துப் புதுக் குழல் போட வேண்டியதுதான்.

நான் செய்வது இது. சக்கரங்களைக் கழற்றி, பிரேக் உரசாமல் பார்த்துக்கொண்டு, பினியனைச் சுற்ற எவ்வளவு விசை தேவை என்று முதலில் அளந்து எழுதிவைப்பேன். நட்டு, ஷாஃப்ட், ஃப்ளேஞ்ச் மூன்றின் மேலும் ஒரே நேர்கோட்டில் அடையாளம் போடுவேன், வெளியே தெரியும் மரைகளையும் எண்ணிக்கொள்வேன். திரும்பப் பூட்டும்போது அந்த அடையாளத்துக்கு மெல்ல மெல்ல வந்து, அளந்த விசை கிடைக்கும் இடத்தில் நிறுத்துவேன்.

ஃப்ளேஞ்சைக் கழற்றியதும் சீல் உதடு உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டினால் புது சீலும் ஒழுகும், ஃப்ளேஞ்சை மாற்றுங்கள்.

கேள்வி: லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ஆயில் மாற்றியதிலிருந்து பார்க்கிங்கில் திருப்பும்போது தடதடவென்று அதிர்கிறது.

ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் இது. கிளட்ச் தட்டு வகையாக இருந்தால், அதற்கென்று உள்ள ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் என்ற உராய்வைச் சீராக்கும் சேர்மத்தைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவைச் சேர்த்து, காலியிடத்தில் எட்டுப் போட்டு மெதுவாகச் சில முறை ஓட்டுங்கள். தட்டுகளுக்குள் அது போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: பின் ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்கள் எல்லாம் புதிதாகப் போட்டேன். நல்ல கம்பெனிப் பொருள்தான். சில மாதங்களிலேயே ரப்பர் கிழிந்துவிட்டது. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. வண்டி தூக்கியிருந்தபோதே போல்ட்டுகளை முழுதாக இறுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பின் சஸ்பென்ஷன் வேலையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான்.

ட்ரெய்லிங் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கை, அதன் மூட்டில் இருப்பது புஷ். இந்த வகை புஷ்ஷில் உள்ளே ஒரு இரும்புக் குழல், வெளியே ஒரு குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் பிராக்கெட்டோடு சேர்ந்து அசையாமல் நின்றுவிடும். அதற்கு மேல் ஆர்ம் ஏறி இறங்குவதற்கு இடம் கொடுப்பது ரப்பரின் முறுக்கம் மட்டுமே. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், ரப்பர் அந்த நிலையைத்தான் ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதுமே அது முறுகிவிடுகிறது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் முறுகியே இருக்கிறது. பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறும்போது இன்னும் முறுகி, ஒட்டிய இடத்தில் பிய்கிறது.

வேலையைத் தொடங்கும் முன், வண்டி தரையில் நிற்கும்போது சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புஷ்களைப் போட்டு போல்ட்டுகளைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் இறுக்கி விடுங்கள். சக்கரம் பூட்டும் ஹப்புக்கு அடியில் ஜாக்கி வைத்து அந்த அளவு வரும்வரை மெதுவாகத் தூக்குங்கள். வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே தூக்குங்கள், எழும்பினால் நிறுத்திவிட்டு வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, அல்லது ராம்ப்பில் ஏற்றி இறுக்குங்கள். அந்த நிலையில்தான், சொன்ன அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று, சில புஷ்களின் ரப்பரில் வேண்டுமென்றே வெற்றிடம் விட்டிருப்பார்கள். எந்தத் திசையில் மெத்தென்று, எந்தத் திசையில் விறைப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. பழையதைத் தட்டி எடுக்கும் முன் வெற்றிடம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஆர்மில் கோடு போட்டுவிடுங்கள். உள்ளே ஏற்ற சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும்.

கேள்வி: பின் புஷ்களை மாற்றிய பிறகு நேராகப் போகும்போதும் ஸ்டியரிங் கோணலாக இருக்கிறது. முன்னால் யாரும் கை வைக்கவில்லையே?

பின் சக்கரங்களின் டோ, அதாவது அவை உள்பக்கமோ வெளிப்பக்கமோ பார்க்கும் கோணம், மாறியிருக்கும். அவை ஒரு பக்கமாகத் தள்ளும்போது, நேராகப் போக நீங்கள் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியே பிடிக்கிறீர்கள். நான்கு சக்கரத்துக்கும் அலைன்மெண்ட் பார்க்கச் சொல்லுங்கள், பின்னதைச் சரிசெய்த பிறகே முன்னதை. பின் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது என்று கேட்டவர்களுக்கும் இதே பதில்தான். அதோடு ஸ்பிரிங் தாழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ஒரு பின் ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு. அதை மட்டும் மாற்றலாமா?

மேல்பகுதியில் லேசான ஈரப்படலமும் தூசியும் இருந்தால் விட்டுவிடலாம். உடல் நெடுக ஆயில் வழிந்திருந்தால் மாற்ற வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் விறைப்பும் மறுபக்கம் தளர்வுமாக இருந்தால் அவசர பிரேக்கில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிக்கியை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனையில் முழுக்கச் செத்த ஷாக்தான் அகப்படும், பாதி போனது அகப்படாது. சஸ்பென்ஷன் அடியோடு மோதாமல் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் நொறுங்கியிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: லீஃப் ஸ்பிரிங் வண்டி. யு-போல்ட்டைக் கழற்றினேன், பழையதையே போடலாமா?

வேண்டாம். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடித்து வைப்பது அதுதான். இறுக்கும்போது நீண்டுவிட்ட மரை மறுபடி அதே பிடி கொடுக்காது. புதியதைக் குறுக்கு வரிசையில் சமமாக இறுக்கி, சில நூறு கி.மீ. ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள். பிடி தளர்ந்தால் முழுச் சுமையும் ஸ்பிரிங் தகடுகளைக் கோத்திருக்கும் நடு போல்ட்டுக்குப் போய், அது அறுந்து ஆக்சிலே நகர்ந்துவிடும்.

கேள்வி: ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். கியரில்தான் போட்டிருந்தேன், ஹேண்ட் பிரேக் போடவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது. எப்படி?

உங்களுக்கு அடிபடவில்லை என்று நம்புகிறேன். கியர் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் நிறுத்துகிறது. அது நின்றாலும் டிஃபரன்ஷியல், ஒரு சக்கரம் முன்னே சுற்ற மற்றது பின்னே சுற்ற அனுமதிக்கும். தூக்கிய சக்கரம் காற்றில் எதிர்த்திசையில் சுற்றியிருக்கும், தரையில் இருந்தது உருண்டிருக்கும். இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கினால் பின்னால் வேலை செய்யும் ஹேண்ட் பிரேக்கும் வண்டியைப் பிடிக்காது. அதனால் ஜாக்கியில் கை வைக்கும் முன் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்குங்கள், வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகு கீழே போங்கள். ஜாக்கியை டிஃபரன்ஷியலின் பின் கவரில் வைக்காதீர்கள், மெல்லிய தகடு நசுங்கி ஆயில் ஒழுக ஆரம்பிக்கும்.