நெசவு நூல் விற்கும் சிறிய கடையைப் பல வருடங்கள் நடத்துவது எப்படி? இப்போது புதிதாகத் தொடங்கலாமா?

கேட்டவர் கையில் ஐந்து லட்சம் இருப்பதாகவும், ஈரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு நூல் கடை போட ஆசை என்றும் எழுதியிருக்கிறார். ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மனசு கேட்கவில்லை.

சென்னிமலையில் எங்கள் கடை பத்துக்குப் பதினெட்டு அடி. மாமனார் போட்டது. அவருக்குக் கண் மங்கிப்போய் 1998ல் நான் கல்லாவில் உட்கார்ந்தேன். அன்று என்னை "ஏம்புள்ள" என்று கூப்பிட்டவர்களின் மகன்கள் இப்போது அம்மா என்கிறார்கள். விற்பது கைத்தறிக்கான பருத்தி நூல். பெரும்பாலும் சிட்டா நூல் (மாலை மாதிரி வளையமாகச் சுற்றியது, ஒரு வளையம் ஒரு சிட்டம்), கொஞ்சம் கோன் (கூம்பில் சுற்றியது). ஊர் பெட்ஷீட்டுக்கும் துண்டுக்கும் பேர் போனது, அதனால் 2/20, 2/40, பத்து, இருபது நம்பர்கள்தான் ஓடும். நம்பர் என்பது நூலின் பருமன், கூடக்கூட நூல் மெலிசு. 2/40 என்றால் நாற்பதாம் நம்பர் இழை இரண்டைச் சேர்த்து முறுக்கியது.

ஈரோட்டில் லோடு கணக்கில் வாங்கி விற்பவர்கள் சொல்லும் விலைக்கு என்னால் ஒருநாளும் கொடுக்க முடிந்ததில்லை. கிலோவுக்கு மூன்று ரூபாய், நாலு ரூபாய் நிற்பதே பெரிது. பிறகு ஏன் என்னிடம் வருகிறார்கள்? வாசலில் வண்டியை நிறுத்தும்போதே கேட்பார்கள்: "ஏனுங்க்கா, போன தடவை குடுத்த அதே நூல் இருக்குதுங்களா?"

இந்த "அதே நூல்" என்ன என்று எனக்குப் புரியவே எட்டு வருடம் ஆனது.

2006ல் பன்னிரண்டு தறி வைத்திருந்த ஒரு அண்ணன் 2/40ல் பத்துக் கட்டு கேட்டார். ஆறு கட்டு பழைய வரவில் இருந்தது, நாலு கட்டு அன்றைக்குத்தான் இறங்கியது. ஒரே மில், ஒரே நம்பர், ஒரே லேபிள். லாட் எண், அதாவது மில்லில் ஒரே தடவையாக ஓட்டிய சரக்குக்குப் போடும் எண், மட்டும் வேறு. நான் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன், என்ன ஆகிவிடப் போகிறது என்று சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அவர் கருநீலப் பெட்ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "வெளிய வாங்க" என்று தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். ஊடை (குறுக்கு இழை) சுற்றிய தார்க் குச்சி மாறிய இடமெல்லாம் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிர் பட்டை. வரிக்குதிரை மாதிரி.

மில்லில் பஞ்சு மாறினால் லாட் மாறும். முதிராத பஞ்சு கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருந்தால் அந்த நூல் சாயத்தைக் குறைவாகவே குடிக்கும். சாயம் போடும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. சாயப்பட்டறையில் ஒரே தொட்டியில் முக்கினாலும் தறியில் ஏறி நெய்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும். அவருடைய அறுபது பெட்ஷீட் செகண்ட்ஸில், அதாவது குறையுள்ள சரக்காக மலிவு விலைக்குப் போனது. நஷ்டத்தை அவர் பாக்கியில் கழித்தேன். மில்லைக் குறை சொல்ல இடமில்லை, லாட் எண்ணை அவர்கள் கொட்டை எழுத்தில்தான் அச்சடித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு. ஒவ்வொரு லாட்டிலும் ஒரு முழம் நூலை எடுத்து நோட்டுத் தாளில் முடிச்சுப் போட்டு, மில், லாட், தேதி, யார் எத்தனை கட்டு எடுத்தார் என்று எழுதிவைப்பேன். யாராவது பாவு (தறியில் நெடுக்காகப் போகும் இழை) ஓட்டப் பெரிதாக எடுத்தால் அதே லாட்டில் இரண்டு கட்டு விற்காமல் எடுத்துவைப்பேன். தறியில் கடைசி நாலு பெட்ஷீட்டுக்கு ஊடை பற்றாமல் போவது இங்கே தினமும் நடப்பது. லோடு விற்பவர் இதைச் செய்ய மாட்டார், அவருக்குக் கட்டுப்படியாகாது. எனக்கும் கட்டுப்படியாகாதுதான், ஆனால் அந்த இரண்டு கட்டுக்காக வருபவர் அடுத்த பாவுக்கும் இங்கேயே வருவார். உங்கள் ஐந்து லட்சத்தில் ஒரு லட்சம் இப்படி அலமாரியில் தூங்கிக்கொண்டே இருக்கும்.

தூங்கும் நூலுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று எலி. 2/40 என்றால் கணக்குக்கு இருபதாம் நம்பர். ஒரு பவுண்டுக்கு 20 சிட்டம், சிட்டத்துக்கு 840 கஜம், பத்துப் பவுண்டுக் கட்டில் 200 சிட்டம். எலி குறுக்கே ஒரு துளை போட்டால் துளை விழுந்த சிட்டம் ஒவ்வொன்றிலும் எத்தனை சுற்று அறுந்திருக்கும் என்று பாருங்கள். பிறகு அது மெக்கானிக் கடையில் கை துடைக்கத்தான். இன்னொன்று ஈரம். பருத்தி காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து எடை கூடும், வெயிலில் விட்டுவிடும். ஐப்பசி மழையில் எடை போட்டு வாங்கியதைச் சித்திரையில் எடை போட்டு விற்றால் லாபம் ஆவியாகிப் போயிருக்கும். நான் முழுக் கட்டாக விற்கத்தான் பார்ப்பேன்.

கடன் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. துணி விற்றால்தான் தறிக்காரருக்குக் காசு, அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். மாமனார் சொல்லிக்கொடுத்தது: ஆளைப் பார்க்காதே, என்ன நூல் கேட்கிறான் என்று பார். ஊடை மட்டும் கேட்டால் வேலை முடியப் போகிறது, காசு கிட்டத்தில் இருக்கிறது. பாவு நூல் கேட்டால் ஆர்டர் இருக்கிறது, காத்திருக்கலாம். வழக்கமாக எடுக்காத நம்பரை, விலை பேசாமல், நிறையக் கேட்டால் கொடுக்காதே. 2014ல் இதை மறந்து ஒருவருக்கு முப்பது கட்டு கொடுத்தேன். அது தறிக்கே போகவில்லை. அடக்க விலைக்கும் கீழே ரொக்கத்துக்கு இன்னொரு கடையில் இறங்கியிருந்தது. இன்றுவரை வரவில்லை.

வராது என்று விட்ட பாக்கி ஒரே ஒரு முறை தேடிவந்தது. 2016 நவம்பரில், பழைய ஐநூறு ரூபாய் நோட்டுகளாக! பத்து வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்கூட "கணக்கைப் பாருங்க" என்று வந்தார். வாங்கி வரவு வைத்து, பேங்க் வரிசையில் நான் நின்றேன்.

விலை ஏறினால் கையில் சரக்கு வைத்திருப்பவருக்கு யோகம் என்று வெளியில் நினைப்பார்கள். 2021 நவம்பரில் திருப்பூர் பனியன் நூல் ஒரே அடியாகக் கிலோவுக்கு 50 ரூபாய் ஏறியது, 2022 மே மாதம் இன்னொரு 40. ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய சமயம். எங்கள் நூலும் பின்னாலேயே ஓடியது. நான் பழைய விலைக்கு வாங்கியதைக் கொஞ்சம் ஏற்றி விற்றேன், நோட்டில் லாபம் எழுதினேன். திரும்ப மில்லுக்குப் போனால் நூறு கட்டு விற்ற காசில் எண்பது கட்டுதான் வந்தது. சரி என்று கடன் வாங்கி நிரப்பினேன். தீபாவளிக்குள் விலை இறங்கிவிட்டது. அந்த ஒரு வருடத்தின் கணக்கை மட்டும் நான் மகனிடம் காட்டவில்லை.

இப்போது தொடங்கலாமா? கைத்தறியை மட்டும் நம்பி வேண்டாம். உள்நாட்டுக்கு விற்கும் நூலில் மில்கள் ஒரு பங்கைக் கைத்தறிக்காகச் சிட்டாவாகவே கட்டித் தர வேண்டும் என்று விதி உண்டு. 50 சதவீதம் இருந்தது 2003ல் 40, 2019ல் 30 என்று ஆக்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் நான் வந்தபோது எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்கும், இப்போது மூன்று வீடு. 2017 ஜூலை முதல் பருத்தி நூலுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. தறிக்காரர் பதிவு செய்யாதவர் என்றால் அந்த 5 சதவீதத்தைத் திரும்பப் பெற வழியில்லை, அவர் தலையில்தான் விழும்.

ஆனால் எதிர்பாராமல் வேறொரு கூட்டம் வருகிறது. குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போடும் பெண்கள். இருபதாம் நம்பரில் ஆறு இழை சேர்த்துச் சாயம் போட்டு, 100 கிராம் உருண்டையாகச் சுற்றி வையுங்கள் என்று முதலில் கேட்டது கோயம்புத்தூரில் ஐடி கம்பெனியில் இருக்கும் ஒரு பெண். மூட்டை மூட்டையாக விற்றவளுக்கு 100 கிராம் நிறுப்பதே சிரிப்பாக இருந்தது. இன்றைக்குக் கடையின் மின்சாரக் கட்டணம் அதில்தான் போகிறது.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்தாள். "ஆன்ட்டி, மார்ச்ல வாங்கின அதே பிங்க் இருக்கா? முயல் பொம்மை முடிஞ்சிருச்சு, ஒரு காது மட்டும் பாக்கி." நோட்டைப் புரட்டினேன். எடுத்துவைத்திருந்தது 40 கிராம் இருந்தது. கூரியருக்கு ஆன செலவு நூலின் விலையைவிட அதிகம்.