மகள் வில்வித்தையை வாழ்க்கையாக எடுக்கலாமா?

உங்கள் மகளுக்குப் பதினான்கு வயது, வில்லை விடவே மாட்டேன் என்கிறாள், இதை நம்பி ஒரு வாழ்க்கை அமையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கொழும்பில் பதினொரு வருடமாக ரிகர்வ் வில், அதாவது ஒலிம்பிக்கில் எய்யும், முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில், எய்கிறேன். வீடு வெள்ளவத்தையில், வேலை கோட்டையில் ஒரு கணக்குப் பிரிவில். அந்தச் சம்பளத்தில்தான் அம்பு வாங்குகிறேன். அதனால் முதலில் காசைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே வில்லை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது மிகவும் கஷ்டம். அவள் உயர்தரப் பரீட்சை எழுதட்டும். தென்கொரியாவில் நிலைமை வேறு. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற கிம் ஊ-ஜின், சோங்ஜு நகரசபை அணிக்காக எய்பவர். அங்கே நகரசபைகளும் கம்பனிகளும் வீரர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன. நமக்கு அந்த வசதி இல்லை.

ஆனாலும் எய்யட்டும் என்றுதான் சொல்வேன். ஏன் என்றால், இந்த விளையாட்டில் அவசரப்பட ஒன்றுமில்லை. தென்கொரிய வீராங்கனை கிம் சூ-ந்யொங் 17 வயதில், 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். பிறகு விலகி, தாயாகி, திரும்பி வந்து 2000இல் சிட்னியிலும் குழுத் தங்கம் வென்றார்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குக் குறி பார்ப்பதுதான் வில்வித்தை. எங்களுக்கு அப்படி இல்லை. வில்லில் கிளிக்கர் என்று ஒரு மெல்லிய தகடு இருக்கும். நாணை முழுதாக இழுத்த பிறகு, முதுகுத் தசையால் இன்னும் ஓரிரு மில்லிமீற்றர் இழுத்தால் அம்பின் முனை அதைத் தாண்டும், ‘டக்’ என்று விழும். அந்தச் சத்தத்துக்குத்தான் விரல்கள் விட வேண்டும். மூன்றாவது வருடம் எனக்கு ஒரு பயம் பிடித்தது. இலக்கின் நடுவில் உள்ள மஞ்சள் வட்டம் கண்ணில் பட்டதுமே, டக் கேட்கும் முன்னர் விரல் விட்டுவிடும். இரவில் படுத்தாலும் அதே நினைப்பு. எங்கள் பயிற்றுனர், வயதான ஒரு சிங்களவர், இலக்குத் தாளையே கழற்றி எடுத்துவிட்டார். இரண்டு மாதம் வெறும் பலகைக்கு முன்னால், மூன்று மீற்றர் தூரத்தில், கண்ணை மூடி எய்தேன். பக்கத்தில் நின்று “ஹெமின், துவ, ஹெமின்” என்பார். மெதுவாக மகள், மெதுவாக. அந்த இரண்டு மாதத்தில் படித்தது இப்போதும் என் முதுகில் இருக்கிறது. உங்கள் மகளுக்கும் இப்படி ஒரு காலம் வரலாம். வந்தால் திட்டாதீர்கள், ஒப்பிடாதீர்கள், புள்ளி எத்தனை என்றும் கேட்காதீர்கள்.

புள்ளி என்றதும் நினைவு வருகிறது. 2016 ரியோவில், யார் யாருடன் மோதுவது என்று வரிசைப்படுத்தும் தரப்படுத்தல் சுற்றில் 72 அம்புகளுக்கு 720இல் 700 எடுத்து உலக சாதனை படைத்தார் அதே கிம் ஊ-ஜின். அதற்குப் பிறகு நேருக்கு நேர் போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே இந்தோனேசிய வீரரிடம் தோற்று, தனிநபர் பதக்கம் இல்லாமல் வீடு போனார். பரிஸ் தனிநபர் இறுதிப் போட்டியில் அவருக்கும் அமெரிக்காவின் பிராடி எலிசனுக்கும் சமநிலை. கடைசியில் ஆளுக்கு ஒரே ஒரு அம்பு. இருவரும் 10. கிம்மின் அம்பு எலிசனுடையதை விட 4.9 மில்லிமீற்றர் நடுப்புள்ளிக்குக் கிட்ட இருந்தது. இடையில் எட்டு வருடம். அந்த எட்டு வருடமும் அவர் அதே நாணை இழுத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உடனே வில் வாங்கிக் கொடுக்காதீர்கள். கழகத்து வில்லில் 18, 20 இறாத்தல் இழுவிசையில் தொடங்கட்டும். ஒலிம்பிக் தூரமான 70 மீற்றருக்கு எய்ய எனக்கு 38 இறாத்தல் வேண்டியிருக்கிறது, ஆனால் அந்த இடத்துக்கு வர நான்கு வருடம் எடுத்தது. வளரும் தோளில் பாரத்தை ஏற்றி அவசரப்படுத்தியதால் காயப்பட்டு நின்றுபோன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அப்புறம், தென்மேற்குப் பருவத்தில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும், அம்பு நடுவை விட்டு வெளியே நீல வட்டத்துக்கும் கறுப்பு வட்டத்துக்கும் போகும். அந்த நாட்களிலும் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்புகளைப் பிடுங்கி வந்ததும் ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து மெல்ல வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் அம்பில் வெடிப்பு இருந்தால் ‘கிரீச்’ என்று சின்னச் சத்தம் வரும். அதை ஒதுக்கிவைக்க வேண்டும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும்.