எலுமிச்சை ஐஸ்கிரீம்: உங்கள் கேள்விகள்

சுண்டக் காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாறு விட்டதும் திரிந்துவிட்டது. கடை ஐஸ்கிரீம் மட்டும் எப்படித் திரியாமல் வருகிறது?
– வாசகி, கும்பகோணம்

சூடான பாலில் புளிப்பு விழுந்தால் அது பனீர்தான். புளிப்பைக் காட்டும் அளவான பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது பாலின் கேசின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சூடும் சேர்ந்தால் கட்டியாகித் தண்ணீர் பிரிந்துவிடும். நன்றாகக் குளிர்ந்த கலவையில், கொழுப்பும் மாவும் சூழ இருக்கும்போது, அதே புளிப்பு தயிர்போல இறுக்கும், அவ்வளவுதான். ஆகவே மணத்தைத் தோலிலிருந்து சூட்டில் இறக்குங்கள். சாற்றைக் குளிரில் சேருங்கள்.

அரை லிட்டர் கெட்டிப் பால் 350 மில்லியாகச் சுண்டட்டும். ஒன்றரை டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளாரை ஆறிய பால் கொஞ்சத்தில் கரைத்து ஊற்றிக் கிண்டுங்கள். கரண்டியின் முதுகில் விரலால் இழுத்த கோடு கலையாமல் நின்றால் இறக்கலாம். 150 கிராம் சர்க்கரையில் இரண்டு பழத்தின் தோல் துருவலைப் போட்டு விரலால் நசுக்குங்கள். சர்க்கரை ஈரமணலாகி மணம் கிளம்பினால் தோலெண்ணெய் இறங்கிவிட்டது. அதைச் சூட்டிலேயே பாலில் கரைத்து, ஆறியதும் வடிகட்டி, ஃப்ரிட்ஜில் ஆறு மணி நேரம் வையுங்கள். அப்புறம் 200 மில்லி ஃப்ரெஷ் கிரீம். கடைசியாக 60 மில்லி குளிர்ந்த சாறு, மெல்லிய தாரையாக, அடித்துக்கொண்டே. மாவைச் சாற்றோடு கொதிக்க வைத்தால் பிடிப்பு நீர்த்துவிடும்.

உங்கள் ஊர்ப் பித்தளைப் பாத்திரம் இதற்கு வேண்டாம். ஈயம் பூசாத பித்தளையைப் புளிப்பு அரிக்கும்.

கொல்லையில் நார்த்தை காய்த்துக் கிடக்கிறது. அதில் செய்யலாமா?
– வாசகர், மன்னார்குடி

தாராளமாக. தோல் மணத்தில் எலுமிச்சையைவிட நார்த்தங்காய் ஒரு படி மேல் என்றே சொல்வோம். பச்சைப் பகுதியை மட்டும் துருவுங்கள். ஒரே இடத்தில் இரண்டு தரம் இழுத்தால் வெள்ளைச் சதை வந்து கசக்கும். சாறு எலுமிச்சையினுடையதே இருக்கட்டும். வேப்பிலைக்கட்டிக்குக் கிள்ளும் இளம் நார்த்தை இலையில் நாலைந்தை, நரம்பு நீக்கி, சூடான பாலில் 10 நிமிடம் போட்டு எடுத்தாலும் நன்றாக இருக்கும்.

சாத்துக்குடி ஐஸ்கிரீம் மறுநாள் கசக்கிறதே?
– வாசகி, திருவாரூர்

சாத்துக்குடிச் சாறு நிற்க நிற்கக் கசக்கும். மிக்ஸியில் விதையும் சவ்வும் அரைபட்டால் இன்னும் மோசம். கையால் பிழிந்து உடனே உறைய வையுங்கள். புளிப்பு குறைவு என்பதால் பாலில் அதன் சுவை எடுபடாது. பால் இல்லாமல், சர்க்கரையும் ஒரு எலுமிச்சையும் சேர்த்து உறைய வைப்பதே நல்லது.

ஐஸ்கிரீம் நறநறவென்று இருக்கிறது. கரண்ட் போய்ப்போய் வருவதாலா?
– வாசகர், மயிலாடுதுறை

அதுவும் ஒரு காரணம். பாதி உருகி மெதுவாக மறுபடி உறையும்போது ஐஸ் துகள்கள் பெரிதாகிவிடும். அகலமான எவர்சில்வர் டப்பாவில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். இரண்டு மணி நேரத்தில் ஓரம் உறைந்திருக்கும். சுரண்டி, குளிர்ந்த மிக்ஸி ஜாரில் ஒரு சுற்று விட்டு மறுபடி வையுங்கள். இப்படி மூன்று தரம். சர்க்கரையைக் குறைத்தாலும் கல்லாகும். உறைவதைத் தாமதப்படுத்துவது சர்க்கரைதான். கரண்ட் போய் முழுதும் உருகிச் சூடேறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.

கரண்டை நம்ப முடியாத நாளில் வாளி போதும். மூன்று பங்கு நொறுக்கிய ஐஸுக்கு ஒரு பங்கு வேதாரண்யம் கல்லுப்பு கலந்தால் குளிர் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். குளிர்ந்த கலவையை எவர்சில்வர் தூக்கில் பாதியளவு ஊற்றி, நடுவில் புதைத்து, பிடியைப் பிடித்துச் சுழற்றுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தைச் சுரண்டிவிட்டால் முக்கால் மணி நேரத்தில் இறுகிவிடும். திறக்குமுன் மூடியின் விளிம்பைத் துடையுங்கள். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் உள்ளே போனாலும் சுவை கெட்டுவிடும்.