ராட்சத அட்டைகள்: கேள்வி பதில்

பழைய அமெரிக்க காமிக்ஸ் அட்டைகளில் நாயகனோ நாயகியோ கட்டடங்களுக்கு மேலே தலை நீட்டி நிற்பார்களே, அவற்றைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். விலை மட்டும் கேட்காதீர்கள்.

கே: பேட்மேன் ராட்சதனாக வந்த அட்டை ‘தி அமேசிங் கொலாசல் மேன்’ படத்தைப் பார்த்து அடித்த காப்பிதானே சார்?

இல்லை. டிடெக்டிவ் காமிக்ஸ் 243-ஆம் இதழின் அட்டையில் இருப்பது மே 1957. படம் அதே வருடம் அக்டோபரில்தான் திரைக்கு வந்தது. இன்னொன்று, அட்டையில் போட்டிருக்கும் மாதத்தை அப்படியே நம்பாதீர்கள். இதழ் கடைக்கு வந்து இரண்டு மாதமாவது ஆகியிருக்கும். ‘இது இன்னும் பழசாகவில்லை’ என்று கடைக்காரர் நினைத்து அதிக நாள் வைத்திருக்கட்டும் என்பதற்காக மாதத்தைத் தள்ளிப் போடுவது அன்றைய வழக்கம். எதை எது பார்த்து அடித்தது என்று சண்டைக்கு வருகிறவர்கள் முதலில் இதைக் கணக்கில் எடுங்கள்.

கே: என்னிடம் சூப்பர்மேனின் நண்பன் ஜிம்மி ஓல்சனின் பழைய இதழ் ஒன்று இருக்கிறது. என்ன விலை போகும்?

மேலே சொன்னேனே.

கே: ஓவியர்கள் எந்த உத்தியால் ஒரு ஆளை ராட்சதனாகக் காட்டினார்கள்? பெரிதாக வரைந்தால் மட்டும் போதுமா?

நல்ல கேள்வி. பெரிதாக வரைந்தால் மட்டும் போதாது. பக்கம் முழுக்க ஒரு ஆளை வரைந்தால் அது பக்கத்தில் வந்து நிற்கும் ஆள், அவ்வளவுதான். முதலில் அடிவானத்தைக் கீழே இறக்க வேண்டும். அப்போது நாம் தெருவில் நிற்பவனின் கண்ணால் அண்ணாந்து பார்க்கிறோம். அடுத்து, அளவு நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருள் அவன் அருகில் வேண்டும்: ரயில் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, விமானம். மாடி எண்ணிக்கை தெரியாத கட்டடம் மட்டும் இருந்தால் அது பொம்மைக் கட்டடமாகத் தெரியும் அபாயம் உண்டு. கடைசியாக மனிதர்கள். அவர்கள் ராட்சதனின் காலடியில் நின்றால் எறும்பு மாதிரி ஆகிவிடுவார்கள், முகம் தெரியாது. அதனால் நல்ல ஓவியர் சிலரை முன்னால் கொண்டுவந்து நம்மை நோக்கி ஓடவிடுவார். அவர்கள் முகத்தில் பயம் தெரியும், பின்னால் ராட்சதன் தெரிவான். ஓவியர் ஜேக் கிர்பி 1960-ஐ ஒட்டி வரைந்த அரக்கர் கதைகளில் இந்த வித்தை திரும்பத் திரும்ப வரும். ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 89-இல் (அக்டோபர் 1961) வந்த ஃபின் ஃபாங் ஃபூம் என்ற டிராகன் அந்தப் பரம்பரைதான்.

இதே கணக்கு மார்வெலின் ஆன்ட்-மேனைப் படுத்தியெடுத்தது என்பது என் அபிப்பிராயம். நாயகன் எறும்பளவு என்றால் அட்டையில் மற்றதெல்லாம் பெரிதாக இருக்கும், அவனைத் தேட வேண்டியிருக்கும். டேல்ஸ் டு அஸ்டோனிஷ் 35-இல் (செப்டம்பர் 1962) எறும்பு மனிதனாக உடை மாட்டியவரை 49-ஆம் இதழில் (நவம்பர் 1963) ஜயன்ட்-மேன் ஆக்கிவிட்டார்கள். அட்டைக்கு வசதியான ஆள்!

கே: முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி பற்றி?

அது ஃப்ளீட்வே என்ற பிரிட்டிஷ் பதிப்பகத்தின் சரக்கு. நமக்குப் பிடித்ததுதான், ஆனால் என் ஏரியா இல்லை. சிவகாசி காமிக்ஸ் சேகரிக்கும் நண்பர்களைக் கேளுங்கள்.

கே: அண்ணே, இந்த ராட்சத அட்டைகள் எல்லாமே பித்தலாட்டம். அட்டையில் ஊரை மிதிப்பான், உள்ளே இரண்டு கட்டத்தில் முடிந்துவிடும்.

எல்லாமே என்று சொல்லாதீர்கள் தம்பி. டிடெக்டிவ் 243-இல் ஒரு விஞ்ஞானியின் கருவியால் பேட்மேன் பெரிதாவதுதான் கதையே. பேட்மேனை வெளியிட்ட டிசி நிறுவனத்தின் அந்தக் காலத்து அலுவலகத்தில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் போன்ற ஆசிரியர்கள் பல தடவை அட்டையை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் அதற்கேற்ற கதையை எழுதச் சொன்னார்கள். அட்டைக்காகவே கதை பிறந்தது என்றால் அட்டை எப்படிப் பொய்யாகும்?

கே (அதே நண்பர்): அப்போ இன்னும் மோசம். படத்துக்குக் கதையை வளைத்தால் கதை விளங்குமா?

பாதிக் கதைகள் விளங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைய நிலைமையையும் பாருங்கள். 1954-இல் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதிகள் வந்தன. ரத்தம், பிணம், பேய் எல்லாம் போச்சு. பத்து சென்ட் வைத்திருக்கும் பையனைக் கடைத் தட்டில் நிறுத்த ஏதாவது வேண்டும். நாயகன் உடம்பையே மாற்றினால் தணிக்கையும் வாய் திறக்காது, பையனும் ‘ஏன் இப்படி ஆனான்?’ என்று எடுத்துப் பார்ப்பான். ஜிம்மி ஓல்சன் 53-ஆம் இதழில் (ஜூன் 1961) அந்த அப்பாவிப் பையனை ராட்சத ஆமை மனிதன் ஆக்கினார்கள். கதையில் தர்க்கம் தேடினால் தலைவலிதான் வரும். அந்த அட்டையை ஒரு தடவை பார்த்தவர் மறந்திருக்கிறாரா, சொல்லுங்கள்.

கே (வேறொருவர்): குறுக்கே வருகிறேன். உள்ளே ராட்சதக் கதையே இல்லாத ராட்சத அட்டை ஒன்று உண்டு. மிஸ் பத்திரிகை, ஜூலை 1972. அது பித்தலாட்டமா?

அடடா, இதற்குத்தான் காத்திருந்தேன். குளோரியா ஸ்டைனமும் தோழிகளும் தொடங்கிய பெண்ணியப் பத்திரிகை. அட்டையில் வொண்டர் வுமன் ராட்சதையாக நடந்து வருகிறாள். ஒரு பக்கம் அமெரிக்கக் கடைத்தெரு, மறுபக்கம் போர்க்களம். மேலே ‘வொண்டர் வுமன் ஃபார் பிரசிடென்ட்’. அந்தத் தலைப்பு 1943-இல் அவளுடைய 7-ஆம் இதழ் அட்டையிலேயே வந்ததுதான். இதில் விஷயம் என்னவென்றால், 1968 முதல் டிசி அவளுடைய சக்தியைப் பறித்து, அந்த உடையையும் கழற்றி வைத்திருந்தது. சொந்தக் காமிக்ஸில் சாதாரணப் பெண்ணாக அலைந்தவள், பத்திரிகை அட்டையில் ஊரைவிடப் பெரியவளாக நின்றாள். சக்தி திரும்பக் கிடைத்தது 1973 தொடக்கத்து 204-ஆம் இதழில்.

கே (பித்தலாட்டம் என்ற நண்பர்): அது அரசியல் கார்ட்டூன், காமிக்ஸ் கணக்கில் வராது.

உங்கள் கணக்கில் வராமல் போகட்டும். என் கணக்கில் முதலிடம்.

கே: ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் 1-இல் யார் ராட்சதன்?

நாயகர்களில் யாரும் இல்லை. ‘ஜயன்ட்-சைஸ்’ என்றால் புத்தகம்தான் தடிமன். இன்றைக்கு மூன்றாவது பேர் கேட்கிறீர்கள்.

கே: மாடி வீடு உயர மனிதனால் உண்மையில் நடக்க முடியுமா?

உயரம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்கு, எலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான். கால் முறியும். மீதியை இயற்பியல் வாத்தியாரிடம் கேளுங்கள்.

கே: நல்ல பிரதி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. தலைப்பு இருக்கும் மேல்பகுதி மட்டும் இல்லை. வாங்கலாமா?

வாங்காதீர்கள், படிக்க மட்டும் என்றால் சரி. விற்காத இதழ்களின் தலைப்புப் பகுதியைக் கிழித்து அனுப்பித்தான் கடைக்காரர்கள் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள். மீதி அப்படியே வெளியே கசிந்தது. இரண்டாவது, கிழிந்த இடத்தில் டேப் போடாதீர்கள். போட்டுவிட்டு என்னிடம் விலை கேட்காதீர்கள்.