காளான் வற்றல்: உலர்த்தும் பெட்டி பற்றிய கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் எங்கள் வீட்டின் பின்கட்டில் சிப்பிக் காளானையும், வெயில் ஏறிய மாதங்களில் பால் காளானையும் வளர்த்து, சமையலுக்குப் போக மிஞ்சுவதை மின்சார உலர்த்தும் பெட்டியில் காயவைத்து வருகிறேன். கடைகளில் டிஹைட்ரேட்டர் என்று கேட்டால் கிடைக்கும் இந்தப் பெட்டியில் ஒரு சூடேற்றியும், ஒரு விசிறியும், அடுக்கடுக்காகச் சில சல்லடைத் தட்டுகளும் இருக்கும். பக்கத்து ஊர்களில் காளான் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோட்டையூரிலிருந்து ஒரு கேள்வி: ஆச்சி, எங்கள் பெட்டியில் 70 டிகிரி வரை வைக்கலாம். சீக்கிரம் முடியட்டும் என்று சிப்பிக் காளானை 70 டிகிரியில் வைத்தேன். நான்கு மணி நேரத்தில் மேலே நன்றாகக் காய்ந்துவிட்டது. ஆனால் பத்தே நாளில் பாட்டிலுக்குள் பூசணம் பிடித்துவிட்டது. எங்கே தவறு செய்தேன்?

பதில்: தொடக்கத்தில் கொடுத்த சூடுதான் தவறு. புதுக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் நடுப்பகுதியிலிருந்து மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து, அங்கிருந்துதான் காற்றோடு போக வேண்டும். முதல் மணி நேரத்திலேயே கடும் சூடு பட்டால் மேல்தோல் இறுகிப்போய், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுக்கொள்கிறது. தொட்டுப் பார்த்தால் மொறுமொறுப்பாகத் தெரியும் அதே துண்டு, இரண்டு நாள் பாட்டிலில் கிடந்த பிறகு நடுவிலிருந்து ஈரம் கசிந்து நமுத்துப்போகும். பூசணத்துக்கு அவ்வளவு ஈரமே போதும். எனவே முதல் இரண்டு மணி நேரம் 45 டிகிரியில் விட்டு, துண்டுகள் வதங்கிச் சுருங்கிய பிறகு 55 டிகிரிக்கு ஏற்றி முடிவு வரை அதிலேயே வையுங்கள். கிழித்த சிப்பிக் காளானுக்கு மொத்தம் ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். 55 டிகிரி குறைவாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 30 டிகிரி சூட்டில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் நம் வீட்டுக் காற்றை 55 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 22 சதவீதமாக இறங்கிவிடும். காய வைப்பது அந்த வறண்ட காற்றுதான்.

பூசணம் பிடித்த பாட்டிலில் நல்ல துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: காளானைக் கழுவ வேண்டுமா? கத்தியால் நறுக்குவதா, கையால் கிழிப்பதா?

பதில்: வீட்டிலேயே வைக்கோல் பையில் வளர்ந்த சிப்பிக் காளானைக் கழுவத் தேவையில்லை. அடித்தண்டில் ஒட்டியிருக்கும் வைக்கோலைக் கத்தியால் சீவிவிட்டு, குடையின் மேல் தூசி இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவிய காளான் பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். நீங்கள் ஊற்றிய தண்ணீரையும் பெட்டி காயவைத்தாக வேண்டும். இதே காரணத்துக்காக, பறிக்கும் நாளன்று காலையில் பைகளுக்குத் தண்ணீர் தெளிப்பதையும் நான் நிறுத்திவிடுவேன்.

சிப்பிக் காளானைக் குடையின் ஓரத்திலிருந்து தண்டை நோக்கி, அடியில் உள்ள மடிப்புகளின் போக்கிலேயே விரலகல நாடாக்களாகக் கையால் கிழிக்கலாம். அதன் நார் அந்தத் திசையில்தான் ஓடுகிறது என்பதால் கத்தியே வேண்டாம். பால் காளான் வேறு வகை. அதன் தண்டு கெட்டியாக இருக்கும். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் ஒரே சீராக நறுக்க வேண்டும். ஒரு துண்டு கனமாகவும் ஒரு துண்டு மெல்லியதாகவும் இருந்தால், மெல்லியது முறுகிப்போகும்போது கனமானது ஈரமாகவே இருக்கும். தட்டில் துண்டின் மேல் துண்டு ஏறாமல் ஒற்றை வரிசையாகப் பரப்பி, பாதி நேரத்தில் மேல்தட்டைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்றி வையுங்கள். விசிறிக்கு அருகில் இருக்கும் தட்டு எப்போதும் முந்திக் காய்ந்துவிடும்.

பள்ளத்தூரிலிருந்து: காய்ந்துவிட்டது என்பதை உறுதியாகத் தெரிந்துகொள்வது எப்படி? ஒவ்வொரு முறையும் சந்தேகமாகவே இருக்கிறது.

பதில்: நான் பெரிதாக நினைப்பது இந்தக் கேள்வியைத்தான். காளான் வற்றலின் ஆயுளைப் பெட்டியின் விலை தீர்மானிப்பதில்லை. எப்போது நிறுத்துகிறோம் என்பதே தீர்மானிக்கிறது.

நான் இரண்டு சோதனைகளைச் செய்கிறேன். முதலாவது எடை. ஒரு தட்டில் 500 கிராம் புதுக் காளானைப் பரப்புவதற்கு முன் தட்டின் எடையையும் காளானின் எடையையும் தனித்தனியாகக் குறித்து வைக்கிறேன். அந்த 500 கிராமில் காளானின் சத்து 50 கிராம் அளவில்தான் இருக்கும் என்பதால், காய்ந்து முடியும்போது தட்டின் எடை போகத் தராசு 50 முதல் 55 கிராமுக்குள் காட்ட வேண்டும். 65 காட்டினால் கண்ணுக்கு எவ்வளவு காய்ந்ததாகத் தெரிந்தாலும் தட்டு மீண்டும் உள்ளே போகும்.

இரண்டாவது சோதனை ஒடித்துப் பார்ப்பது. பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ஒடிக்கக் கூடாது, சூட்டில் எல்லாத் துண்டும் சற்று வளைந்து கொடுக்கும். தட்டில் இருப்பதிலேயே கனமான தண்டுத் துண்டு ஒன்றைப் பொறுக்கி, பத்து நிமிடம் ஆறவைத்து, காதுக்கு அருகே வைத்து ஒடியுங்கள். அப்பளம் போல ‘படக்’கென்று ஒடிந்து, ஒடிந்த இடத்தில் மாவு போன்ற வெண்மை தெரிந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். வளைந்தாலோ, தோல் போல இழுபட்டுப் பிய்ந்தாலோ, இன்னும் ஒரு மணி நேரம் தேவை.

அதன் பிறகும் உடனே பரணில் ஏற்றிவிடாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு நிரப்பி, மூடி, ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரு முறை குலுக்குங்கள். சரியாகக் காய்ந்த துண்டுகள் சருகு போலச் சலசலக்கும். ஓசை மழுங்கினாலோ, ஒன்றோடொன்று ஒட்டினாலோ, பாட்டிலின் உட்புறத்தில் மூச்சுப் பட்டது போல ஈரம் படர்ந்தாலோ, அனைத்தையும் மறுபடி பெட்டியில் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். அந்த வாரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால் ஒன்றும் வீணாகாது.

கானாடுகாத்தானிலிருந்து: தலைமுறை தலைமுறையாக வளவில் பாய் விரித்து மோர் மிளகாயும் கொத்தவரை வற்றலும் கூழ் வடகமும் காயவைத்த வீடு எங்களுடையது. சித்திரை வெயில் இருக்கும்போது காளானுக்கு மட்டும் எதற்கு மின்சாரப் பெட்டி?

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. எங்கள் வீட்டிலும் மற்ற வற்றல்கள் இன்றும் வெயிலில்தான் காய்கின்றன. ஆனால் மோர் மிளகாய் உப்பிலும் மோரின் புளிப்பிலும் ஊறியது. கொத்தவரங்காயும் உப்புப் போட்டு வேகவைத்த பிறகே பாய்க்குப் போகிறது. இரவில் ஈரம் பட்டாலும் மறுநாள் வரை அவற்றைக் காப்பது அந்த உப்பும் புளிப்பும். காளானில் நாம் இரண்டையும் சேர்ப்பதில்லை. மேலும் பறித்த பிறகும் அது உயிருள்ள பொருளாகவே இருந்து மூச்சு விடுகிறது. சூட்டையும் ஈரத்தையும் தானே உண்டாக்கிக்கொண்டு பழுப்பேறுகிறது. முதல் நாள் வெயிலில் பாதி காய்ந்து, இரவில் நமுத்து, மறுநாள் மீண்டும் காயும் காளான் நிறம் கறுத்து வாடை மாறிவிடும். ஈயும் அதன் மணத்துக்கு உடனே வந்துவிடும்.

இருந்தாலும் வெயிலை நான் விட்டுவிடவில்லை. காளானில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது; வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அதன் ஒரு பகுதி வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. எனவே கிழித்த காளானை, அடி மடிப்புகள் மேலே தெரியும்படி சுளகில் பரப்பி, மெல்லிய வலைத்துணி போர்த்தி, உச்சி வெயிலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, பிறகு பெட்டிக்குள் வைக்கிறேன். கண்ணாடி சன்னலுக்குள் விழும் வெயில் இதற்கு உதவாது. அந்தக் கதிரைக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும்.

புதுவயலிலிருந்து: நடுவில் மின்சாரம் போய்விட்டால்?

பதில்: ஒரு மணி நேரம் என்றால் கதவைத் திறக்காமல் அப்படியே விடுங்கள். அதற்கு மேல் நீண்டால், அரைகுறையாகக் காய்ந்த துண்டுகளை ஆறவைத்து, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து, மின்சாரம் வந்ததும் தொடரலாம். செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 400 வாட் பெட்டி எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 3.2 யூனிட்தான்.

கண்டனூரிலிருந்து: காய்ந்த பிறகு தட்டிலும் பெட்டியின் அடியிலும் வெள்ளை மாவு படிந்திருக்கிறது. துடைக்கும்போது இருமல் வருகிறது. பூசணமா ஆச்சி?

பதில்: பூசணமாக இருக்க வாய்ப்பில்லை, அது காளானின் வித்துத்தூள். சிப்பிக் காளானின் குடை ஓரம் கீழ்நோக்கி மடிந்திருக்கும்போதே பறித்துவிட வேண்டும். ஓரம் விரிந்து மேல்நோக்கி அலை அலையாக எழும்பிவிட்டால் தூள் கொட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தத் தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு இருமலும் இழுப்பும் வருவதுண்டு. தட்டுகளை ஈரத்துணியால் துடையுங்கள்; காளான் அறைக்குள் முகக்கவசம் அணியுங்கள். பெட்டியைக் காளான் அறையிலேயே வைத்திருந்தால் வெளியே கொண்டுவந்துவிடுங்கள், அந்த அறையின் ஈரக்காற்று காயும் நேரத்தையும் நீட்டும்.

பொன்னமராவதியிலிருந்து: ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்படிப் பாதுகாப்பது? எவர்சில்வர் சம்படம் போதுமா?

பதில்: ஒரு கார்த்திகையில் நான் இழந்தது ஒன்றரைக் கிலோ வற்றல். அதாவது பதினைந்து கிலோ புதுக் காளான். பெரிய சம்படம் ஒன்றில் மொத்தமாகப் போட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை திறந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை திறந்தபோதும் மழைக்காற்று உள்ளே போயிருக்கிறது. ஒரு நாள் மூடியைத் திறந்ததும் நனைந்த சாக்கின் வாடை அடித்தது. கையை விட்டால் துண்டுகள் மெத்தென்று இருந்தன. அடியில் சாம்பல் நிறப் பூசணம். அன்றிலிருந்து ஒரு முறை சமைக்கும் அளவாக, 25 கிராம் வீதம், ரப்பர் வளையம் வைத்த சிறு கண்ணாடிப் பாட்டில்களில் பிரித்து வைக்கிறேன். திறந்தது அன்றே தீர்ந்துவிடும். மற்றவை திறக்கப்படாமலே இருக்கும். உணவுக்கு ஏற்ற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை ஒவ்வொரு பாட்டிலிலும் போடலாம். வெளிச்சம் படாத அலமாரி நல்லது. அடுப்புக்கு மேலே உள்ள தட்டு ஆகாது.

வண்டு பற்றியும் கவனம் வேண்டும். அரிசி, பருப்பில் வரும் சிறு வண்டுகள் காளான் வற்றலையும் விடாது. பாட்டிலில் அடைத்ததும் நான்கு நாள் உறைபெட்டியில் வைத்து, வெளியே எடுத்து, மூடியைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். குளிர்ந்திருக்கும்போதே திறந்தால் வற்றலின் மேல் ஈரம் கோத்துக்கொள்ளும்.

திருப்பத்தூரிலிருந்து: மழை விட்டதும் எங்கள் தோட்டத்தில் புற்றுக் காளான் போல நிறைய முளைக்கிறது. உலர்த்தினால் நஞ்சு போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அமாடாக்சின் போன்ற காளான் நஞ்சுகள் உலர்த்தினாலும் கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. தின்று ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகே வாந்தியும் பேதியும் தொடங்கும். அதற்குள் கல்லீரல் சேதமாகத் தொடங்கியிருக்கும். புற்றுக் காளானைச் சிறு வயதிலிருந்து பார்த்துப் பறித்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ‘போல’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லே வேண்டாம் என்று சொல்லப் போதுமானது. வித்து வாங்கி வளர்த்த காளானை மட்டுமே உலர்த்துங்கள்.

காரைக்குடியிலிருந்து: பால் காளான் வற்றல் எவ்வளவு ஊறவைத்தாலும் ரப்பர் போல இருக்கிறது. பொடியாக்கி இட்லிப் பொடியில் கலக்கலாமா?

பதில்: கலக்கலாம், அதுவே அதற்கு ஏற்ற வழி. பால் காளான் பறித்த பிறகும் சில நாள் வாடாமல் இருக்கும் என்பதால் அதைப் புதிதாகவே சமைப்பது மேல்; மிஞ்சியதைப் பொடியாக்குங்கள். ஊறவைத்துச் சமைக்கச் சிப்பிக் காளான் வற்றல்தான் இணங்கி வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினால் மிருதுவாகும். ஊறிய தண்ணீரை வடிகட்டிக் குழம்பிலேயே ஊற்றுங்கள், மணம் பாதி அதில்தான் இறங்கியிருக்கும். சின்ன வெங்காயம், சோம்பு, கல்பாசி, மிளகு சேர்த்துச் சுக்காவாக வறுத்தால் புதுக் காளானைவிட வற்றலுக்கே சுவை அழுத்தமாக இருக்கிறது.

பொடியில் ஒன்றைக் கவனியுங்கள். 55 டிகிரியில் காய்ந்த காளான் வெந்த காளான் ஆகாது. எனவே பொடியை இரும்புச் சட்டியில் சிறு தீயில், நிறம் சற்று மாறி வறுத்த வாசனை வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, பிறகே இட்லிப் பொடியோடு சேருங்கள். ஒரு கிண்ணம் இட்லிப் பொடிக்கு இரண்டு தேக்கரண்டி காளான் பொடி போதும்.