சினிமாவும் டிவியும் இன்ஸ்டாகிராமும் தங்கள் தோற்றத்தைப் பற்றிப் பிள்ளைகள் நினைப்பதை மாற்றுகின்றன என்பது மிகைதானே? வீட்டில் ஒழுங்காக வளர்த்தால் போதாதா?

போதாது. மிகையும் இல்லை.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இதை எல்லோரும் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் பேசுகிறார்கள். என் கவலை வேறு. 'நான் பார்க்க நல்லா இல்லை' என்று நம்பிவிட்ட பிள்ளை, தன் ஆசைகளையும் சேர்த்தே சுருக்கிக்கொள்கிறாள். கணீரென்று பேசக்கூடிய ஒரு மாணவியை ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்கச் சொன்னேன். "மேடைக்கெல்லாம் கலரா இருக்கிறவங்களைக் கூப்பிடுங்க மிஸ்" என்றாள். கேட்டபோது நெஞ்சு அடைத்துவிட்டது.

இந்த எண்ணம் தானாக முளைக்கவில்லை. ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் பழைய விளம்பரம் ஒன்றில், மகன் இல்லையே என்று அப்பா ஏங்குவார். மகள் க்ரீம் பூசி நிறம் கூடியதும் விமானப் பணிப்பெண் ஆகிவிடுவாள். அவள் என்ன படித்தாள், நேர்காணலில் என்ன பேசினாள் என்பதற்கு அந்த விளம்பரத்தில் இடமே இல்லை. நிறம்தான் தகுதி. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் புகார் கொடுத்துப் போராடிய பிறகு, 2003-இல் அது நிறுத்தப்பட்டது. 2020-இல் க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லும் போனது. பெயர் போனாலும் அந்தக் கதை போகவில்லை. இன்று பல செல்போன்களின் செல்ஃபி கேமராவே கேட்காமல் முகத்தை வெளுப்பாக்கித் தருகிறது. அந்த முகத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குக் கண்ணாடியில் தெரியும் சொந்த முகம் குறையாகப் படுகிறது.

வளர்ப்பு பற்றிக் கேட்டீர்கள். ஃபிஜி தீவில் நடந்ததைச் சொல்கிறேன். பூசினாற்போன்ற உடம்பைத்தான் அங்கே அழகு என்பார்கள். பிள்ளை மெலிந்தால் வீடே கவலைப்படும். 1995-இல் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளை அந்த ஆண்டும், மறுபடி 1998-இலும் ஆராய்ந்தார். உணவுப் பழக்கக் கோளாறு, அதாவது மெலிய வேண்டும் என்று சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் நோய், அதன் அறிகுறிகளைக் கேட்கும் கேள்வித்தாளில் அதிக மதிப்பெண் வந்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகியிருந்தார்கள். எடை குறைக்க வாந்தி எடுப்பவர் முதலில் ஒருவர்கூட இல்லை. மூன்றே ஆண்டில் 11.3 சதவீதம். தொடர்களில் வரும் பெண்களைப் போல ஒல்லியானால் நல்ல வேலை கிடைக்கும் என்றும் சிலர் சொன்னார்கள். 'சாப்பிடு, சாப்பிடு' என்று வளர்த்த வீடுகளிலேயே இப்படி ஆனது.

நம் வீடுகளிலோ எதிர்ப்பே இல்லை. லீவுக்கு ஊருக்கு வந்த பிள்ளையைப் பார்த்ததும் "ஏண்டி இப்படி கறுத்துட்ட?" என்பதுதானே முதல் விசாரிப்பு? விளம்பரம் சொல்வதற்கு அத்தை, சித்தி எல்லோரும் சாட்சி சொல்கிறார்கள்.

அதனால் டிவியை அணை, போனைப் பிடுங்கு என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு விளம்பரத்தைப் போட்டு, "இந்தப் பெண்ணுக்கு வேலை எதனால கிடைச்சுது?" என்று மட்டும் கேட்பேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பிள்ளைகளே பிரித்து மேய்ந்துவிடுவார்கள். வீட்டில் மகளோடு உட்கார்ந்து நீங்களும் இதைக் கேட்டுப் பாருங்கள். உறவினர் நிறத்தைப் பற்றிப் பேசினால், அவள் காது கேட்க, அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.