சீமாறா, வாரியலா?

கேள்வி: நான் பிறந்து வளர்ந்தது ஈரோட்டில், திருமணத்திற்குப் பின் நாகர்கோவிலில் இருக்கிறேன். இங்கே கடையில் ‘சீமாறு’ கேட்டால் விழிக்கிறார்கள். அதற்கு ‘வாரியல்’ என்று பெயராம். என் மகளின் பாடப்புத்தகத்திலோ ‘துடைப்பம்’ என்று இருக்கிறது. இவற்றுள் எது சரியான தமிழ்?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: மூன்றுமே சரியான தமிழ்தான்; மதுரை, தஞ்சைப் பக்கத்து ‘விளக்குமாறு’ம் அவற்றோடு சேர வேண்டியதே. தென்னை மட்டையிலிருந்து ஓலையைக் கிழித்து, ஈர்க்கைக் கத்தியால் சீவி எடுத்து, அடிப்பக்கத்தைத் தரையில் தட்டிச் சமன் செய்து, கயிற்றால் இறுகக் கட்டி வீட்டிலேயே செய்துகொண்ட பொருள் இது. ஆகவே, அதைக் கொண்டு செய்யும் வேலையைப் பார்த்து அந்தந்த வட்டாரத்தார் தாமே பெயர் வைத்துக்கொண்டனர். துடைப்பதால் துடைப்பம், குப்பையை வாரிச் சேர்ப்பதால் வாரியல். பல் விளக்குவது, பாத்திரம் விளக்குவது என்கிறோமே, அந்த ‘விளக்கு’தான் விளக்குமாற்றில் இருக்கிறது, ‘மாறு’ என்பது குச்சி. கரிசல் காட்டில் காய்ந்த பருத்திக் குச்சியைப் பருத்திமாறு என்பதைக் கேட்டிருப்பீர்கள். உங்கள் சீமாற்றிலும் அதே மாறுதான். முன்னால் நிற்கும் ‘சீ’, பெருக்கித் தள்ளுதல் என்னும் பொருளுடைய பழந்தமிழ் வினையே தவிர, முகம் சுளித்துச் சொல்லும் ‘சீ’ அன்று!

பொருளின் பெயர் மட்டுமல்லாமல் வேலையின் பெயரும் ஊருக்கு ஊர் மாறுகிறது. சென்னையில் வாசலைப் பெருக்குவார்கள். கொங்கு நாட்டில் கூட்டுவார்கள். உங்கள் புகுந்த ஊரில் ‘தூத்து வாருவார்கள்’. பழமொழிகூட இதற்குத் தப்பவில்லை: ஓரிடத்தில் துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுகிறார்கள், மற்றோரிடத்தில் விளக்குமாற்றுக்குக் கட்டுகிறார்கள். இலங்கைத் தமிழர் ‘தும்புத்தடி’ என்பது தேங்காய் நாரான தும்பை நீண்ட தடியில் பொருத்திய வேறு வகை. அங்கே பெயர் வேலையை விட்டுவிட்டு, செய்பொருளைப் பற்றிக்கொண்டது.

கேள்வி: மண்ணெண்ணெயை என் பாட்டி ‘சீமெண்ணெய்’ என்பார், பக்கத்து வீட்டார் ‘கிருஷ்ணாயில்’ என்பார்கள். கிருஷ்ணருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
- வாசகர், விழுப்புரம்

பதில்: ஒரு தொடர்பும் இல்லை. ‘கெரசின் ஆயில்’ என்ற ஆங்கிலப் பெயர், கேட்டவர்களின் வாயில் பழகிய சாமி பெயராகத் திரும்பிவிட்டது, அவ்வளவே. துடைப்பத்தைப் போல இது வீட்டில் செய்த பொருள் அன்று, கப்பலில் வந்திறங்கிய சரக்கு. அதனால் எங்கிருந்து வந்தது என்பதே பெயருக்குக் காரணமாயிற்று. சீமை என்பது கடல்கடந்த நாடு. சீமை எண்ணெய் சீமெண்ணெய் ஆனது. எள்ளிலும் தேங்காயிலும் ஆட்டி எடுக்காமல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்ததால் மண்ணெண்ணெய். எழுத்துத் தமிழில் நிலைத்தது இந்தப் பெயரே. உங்கள் பாட்டியின் சொல்லே பழைய நினைவை அதிகம் சுமக்கிறது என்பது என் எண்ணம்.

தீப்பெட்டியைச் சிலர் வத்திப்பெட்டி என்பதும், யாழ்ப்பாணத்தார் நெருப்புப்பெட்டி என்பதும் இப்படித்தான். சோப்புக்கு இலங்கையில் இன்றும் ‘சவர்க்காரம்’ என்ற பெயர் வழங்குகிறது; நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் ‘சவுக்காரம்’ அதுவேதான்.